பூட்டப்பட்ட பதினொரு பேர்

ஜனவரி 6, திங்கள்

கல்லூரிகளில் வேலைவாய்ப்புப் பிரிவு நடத்துகிறவர்களுக்கு என்றே ஒரு பயிற்சி இருக்கிறதாம். பதினாறு வருஷமாக இந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் எனக்கு இன்றைக்குத்தான் தெரியும். எட்டு வீடியோ, ஒவ்வொன்றுக்கும் பின்னால் கேள்விகள், கடைசியில் சான்றிதழ். தினமும் நம் அனுபவத்தை எழுதிப் பதிவேற்ற வேண்டும் என்று ஒரு கட்டளை வேறு. அவர்கள் கொடுத்த கட்டத்துக்குள் எழுத எனக்கு மனசு வரவில்லை. வங்கியில் கொடுத்த டைரி சும்மா கிடந்தது, அதை எடுத்துக்கொண்டேன். இதற்கு யாரும் மதிப்பெண் போட வேண்டாம்.

பயிற்சி எதற்கென்றால், தாளாளர் தங்கச்சாமி ஐயா புது சாஃப்ட்வேர் ஒன்று வாங்கியிருக்கிறார். போர்ட்டல் என்கிறார்கள். எந்த மாணவன் எந்தக் கம்பெனியின் தேர்வுக்குப் போகலாம், யாருக்கு வேலை கிடைத்தது, எல்லாம் இனிமேல் அதில்தான். இதுவரைக்கும் அது என் தலையிலும் ஒரு எக்ஸெல் தாளிலும் இருந்தது. நன்றாகத்தான் இருந்தது.

என் உதவியாளர் நஸ்ரின் மூன்று வீடியோ பார்த்து முடித்துவிட்டாள். கடையநல்லூரில் இருந்து பஸ்ஸில் வரும்போதே பார்க்கிறாளாம். எனக்குப் பஸ்ஸில் தலை சுற்றும்.

ஜனவரி 8, புதன்

நான்காவதும் ஐந்தாவதும் முடித்தேன். அது ஒரு பக்கம் ஓடிக்கொண்டிருந்தது, நான் ஒரு பக்கம் போனில் இருந்தேன். சத்தத்தை அமர்த்தினால்தான் பேச முடிகிறது. கேள்விகளுக்கான விடையைத் தென்மாவட்டக் கல்லூரிகளின் வாட்ஸாப் குழுவில் யாராவது போட்டுவிடுகிறார்கள். ஐந்தாவதில் பத்துக்குப் பத்து வாங்கினேன்.

இந்த வேலை வீடியோவில் வராது. தென்காசியைத் தாண்டி ஒரு பொட்டல்காட்டில் இருக்கிற கல்லூரிக்குப் பெங்களூரில் இருந்து ஒரு கம்பெனி ஏன் வரவேண்டும்? இந்தக் கோமதிநாயகம் கூப்பிட்டால் வருவார்கள். அந்தக் கம்பெனியின் ஹெச்.ஆர். கிளெமென்டுக்கும் எனக்கும் அப்படி ஒரு பழக்கம். குற்றாலத்தில் சாரல் விழுந்தால் முதல் போன் அவருக்குத்தான் போகும்.

ஜனவரி 9, வியாழன்

நல்ல நாள். அக்டோபரில் பெங்களூர் கம்பெனி வந்து நடத்திய தேர்வின் முடிவு இவ்வளவு நாள் இழுத்துக்கொண்டே கிடந்தது. இன்று கிளெமென்டே கூப்பிட்டுச் சொன்னார்.

"உங்க பசங்க லெவன் பேர் லிஸ்ட்ல இருக்காங்க சார். லெட்டர்தான் லேட் ஆகுது. நீங்க வாய் வார்த்தையா வெச்சுக்கோங்க."

அவர் வார்த்தை எனக்குக் கடிதத்துக்கும் மேலே. ஐயாவிடம் சொன்னேன். பொங்கலுக்குள் வாசலில் ஃபிளெக்ஸ் வைக்க வேண்டும் என்றார். நஸ்ரினைக் கூப்பிட்டுப் பதினொரு பேருக்கும் போர்ட்டலில் 'வேலை கிடைத்தது' என்று போடச் சொன்னேன்.

அவள் தயங்கினாள். "லெட்டர் வந்த பொறவு போடலாமே சார்?"

"வாரது வரட்டும், நீ போடும்மா. எத்தனை வருஷமா இப்படித்தான் நடக்கு."

என் லாகின்தான் வேண்டும் என்றாள். நானே உட்கார்ந்து போட்டேன். பதினொரு பச்சை டிக். பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

ஜனவரி 13, திங்கள்

ஃபிளெக்ஸ் வந்துவிட்டது. பதினொரு முகம், நடுவில் ஐயா. மேல் வரிசையில் இசக்கியம்மாள், எலக்ட்ரானிக்ஸ் பிரிவு. அப்பா சுமை ஆட்டோ ஓட்டுகிறார். படம் பிடிக்கும்போது சிரிக்கச் சொன்னதற்கு, "லெட்டர் எப்ப சார் வரும்?" என்று கேட்டது அவள்தான். பொங்கல் முடிந்ததும் வரும் என்றேன்.

வீட்டில் மோட்டார் ரிப்பேர். பொங்கல் நாளில் தண்ணீர் இல்லாவிட்டால் என்னைத்தான் பொங்க வைப்பார்கள்.

ஜனவரி 22, புதன்

சான்றிதழ் வந்தது. பெயரைத் தப்பில்லாமல் போட்டிருக்கிறார்கள். நஸ்ரின் கண்ணாடிச் சட்டம் போடலாமா என்று கேட்டாள். கேலி செய்கிறாளா என்று தெரியவில்லை.

கடிதம் வரவில்லை. கிளெமென்டிடம் பேசினேன். அடுத்த வாரம் என்றார். பேசிக்கொண்டிருக்கும்போது குக்கர் விசில் கேட்டது. இப்போதெல்லாம் பாதிப் பேருக்கு வீட்டில் இருந்துதான் வேலை. கொடுத்துவைத்தவர்கள்.

ஜனவரி 29, புதன்

கம்பெனி முகவரிக்கு நான் அனுப்பிய மெயில் திரும்பி வந்துவிட்டது. கிளெமென்டிடம் கேட்டதற்கு, "சர்வர் மாத்தறாங்க சார், என் பர்சனல் மெயிலுக்கே போட்டுடுங்க" என்றார். போட்டேன். பெரிய கம்பெனிகளில் இதெல்லாம் சகஜம்.

ஐயாவும் கேட்டார். அடுத்த வாரம் என்றேன்.

பிரஷர் மாத்திரை தீர்ந்துவிட்டது. நாளை வாங்க வேண்டும்.

பிப்ரவரி 4, செவ்வாய்

இந்த சீசனின் கடைசிக் கம்பெனி உறுதியாகிவிட்டது. சென்னைக் கம்பெனி, நல்ல கம்பெனி. பத்தொன்பதாம் தேதி நம் கல்லூரிக்கே வருகிறார்கள். எலக்ட்ரானிக்ஸ் பிள்ளைகளுக்கு முன்னுரிமை. போர்ட்டல் வழியாகப் பதிவு செய்தவர்களுக்கு மட்டும்தான் தேர்வு, பதினேழாம் தேதி மாலையோடு பதிவு முடிகிறது. அன்றைக்குச் சாயங்காலமே அவர்களிடமிருந்து ஹால் டிக்கெட் வந்துவிடுமாம். இதன் பிறகு இந்த வருஷம் யாரும் வரப்போவதில்லை. அழைத்தவன் நான், எனக்குத் தெரியும்.

பிப்ரவரி 6, வியாழன்

இசக்கியம்மாள் வந்தாள். கதவருகே நின்றுகொண்டே பேசினாள்.

"சார், சென்னைக் கம்பெனி லிங்க் எல்லாருக்கும் வந்திருக்கு. எனக்கு வரலை."

"ஒனக்குத்தான் பெங்களூர்ல வேலை கெடைச்சாச்சே. இல்லாத பிள்ளைங்க எழுதட்டும்மா."

ஒரு மாணவருக்கு ஒரு வேலை. இந்த விதியை இந்தக் கல்லூரியில் கொண்டுவந்தவன் நான். இல்லையென்றால் கெட்டிக்காரன் ஒருத்தனே நான்கு வேலையை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு திரிவான், மற்றவன் வேடிக்கை பார்ப்பான்.

"லெட்டர் வரலையே சார்."

"வரும்."

"வரலைன்னா?"

எனக்குச் சுள்ளென்று வந்துவிட்டது. "நான் சொல்லுதேன்லா? என் பேச்சுக்கு மேல ஒனக்கு லெட்டர் வேணுமோ?" சத்தம் அதிகமாகிவிட்டது. வெளியே பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் கதவை லேசாகச் சாத்தினாள். பிறகு, சென்னையில் அக்கா நிற்கிற ஜவுளிக்கடையில் தனக்கும் இடம் சொல்லி வைத்திருக்கிறார்கள், படிப்பு முடிந்ததும் அங்கே அனுப்பிவிடுவார்கள், வேலைக் கடிதத்தைக் காட்டினால்தான் அப்பா விடுவார் என்றாள். அழவெல்லாம் இல்லை. பஸ் நேரம் சொல்கிற மாதிரி சொன்னாள்.

நான் சத்தம் போட்டிருக்க வேண்டாம். வெயில் வேறு.

பிப்ரவரி 7, வெள்ளி

எதற்கும் இருக்கட்டும் என்று நஸ்ரினிடம் சொன்னேன், அந்தப் பதினொரு பேருக்கும் சென்னைக் கம்பெனி லிங்க்கை அனுப்பி வை, கடிதம் வந்தால் எடுத்துக்கொள்ளலாம் என்று.

"அனுப்ப முடியாது சார். பச்சை டிக் போட்டா பூட்டிரும். அவங்க பேரே எந்தக் கம்பெனிக்கும் தெரியாது."

"யாரு பூட்டுனது?"

"போர்ட்டல்தான் சார். அஞ்சாவது வீடியோல தெளிவா சொன்னாங்களே."

அந்த வீடியோவில் ஆடியோ சரியில்லை.

பிள்ளைகளின் பெயரைக் கையால் எழுதிச் சென்னைக் கம்பெனிக்கு மெயில் போட்டேன். போர்ட்டலில் பதிவு இல்லாதவர்களை ஏற்பதில்லை என்று கால் மணி நேரத்தில் பதில். சாஃப்ட்வேர் கம்பெனிக்குப் போன் செய்தால் ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து என்கிறது. இப்படி ஒரு குளறுபடியான சாஃப்ட்வேரை எந்த மடையன் செய்தானோ. மனுஷன் கையில் இருந்தவரைக்கும் எதையும் அழித்து எழுதலாம்.

பிப்ரவரி 10, திங்கள்

கிளெமென்டே கூப்பிட்டார். கடிதம் பற்றி என்று நினைத்து ஓடிப்போய் எடுத்தேன். பொதுவாகப் பேசினார். பிள்ளைகளை எந்தப் பள்ளியில் சேர்க்கலாம், தென்காசிப் பக்கம் வாடகை எப்படி, உங்கள் கல்லூரியில் எம்.பி.ஏ. பிரிவு இருக்கிறதா, அதற்கு ஆள் எடுக்கிறார்களா என்றெல்லாம் கேட்டார். தம்பி யாருக்காவது கேட்கிறார் போல. விசாரித்துச் சொல்கிறேன் என்றேன்.

கடிதம்?

"இந்த வாரம் சார். கண்டிப்பா."

கேஸ் சிலிண்டர் வந்தது. சீல் உடைந்திருந்தது, திருப்பி அனுப்பிவிட்டேன்.

பிப்ரவரி 13, வியாழன்

இசக்கியம்மாள் தினமும் வருகிறாள். எதுவும் கேட்பதில்லை. நோட்டீஸ் போர்டு பக்கம் நிற்கிறாள், நான் தலையை ஆட்டுகிறேன், போய்விடுகிறாள். எனக்கு அந்த வழியாக டீ குடிக்கப் போவதே கஷ்டமாக இருக்கிறது. இன்று பின்வாசல் வழியாகப் போனேன். பயந்து அல்ல, அந்த வழி நிழல்.

பிப்ரவரி 14, வெள்ளி

கிளெமென்ட் எடுக்கவில்லை. நான்கு தடவை அடித்தேன்.

பிப்ரவரி 17, திங்கள்

இன்று நடந்ததை வரிசையாக எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் நாளைக்கு எனக்கே வேறு மாதிரி ஞாபகம் வரும்.

மதியம் சாப்பாட்டு நேரத்தில் இசக்கியம்மாள் நேராக உள்ளே வந்தாள். "இன்னைக்குச் சாயங்காலம் பதிவு முடியுது சார்" என்று மட்டும் சொன்னாள். நஸ்ரின் என்னைப் பார்த்தாள். நான் பெங்களூர் கம்பெனியின் பொது எண்ணுக்கு அடித்தேன். இத்தனை வருஷத்தில் அந்த எண்ணை நான் அடித்ததே இல்லை. அடிக்க வேண்டிய அவசியம் இருந்ததில்லை.

எடுத்த பெண் கிளெமென்ட் என்று யாரும் இல்லை என்றாள். மறுபடி கேட்டேன். டிசம்பரிலேயே போய்விட்டார் சார் என்றாள். எங்கள் பதினொரு பேரைப் பற்றிக் கேட்டதும் யாரிடமோ கொடுத்தாள். புதுப் பையன் ஒருத்தன், இந்த வருஷம் புது ஆட்களை எடுப்பதையே நிறுத்திவிட்டோம், எல்லாக் கல்லூரிக்கும் தகவல் போயிருக்குமே என்றான். அதற்குக் கடிதம் ஏதாவது தர முடியுமா என்றேன். சட்டப் பிரிவைக் கேட்டு இரண்டு வாரத்தில் சொல்வானாம்.

போனை வைத்தபோது இசக்கியம்மாள் என் மேஜைக்கு எதிரில்தான் இருந்தாள். வராந்தாவில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

கிளெமென்டை அவருடைய சொந்த எண்ணில் பிடித்தேன். இந்தத் தடவை எடுத்தார். வாயில் வந்ததை எல்லாம் திட்டினேன். எழுத முடியாத வார்த்தைகள். அவர் குறுக்கே பேசவே இல்லை. நான் மூச்சு வாங்கி நிறுத்தியதும் சொன்னார்.

"நான் கிளம்பறப்போ உங்க லெவன் பேர் லிஸ்ட்ல இருந்தாங்க சார். அது பொய் இல்ல. அந்த லிஸ்ட்டை அவங்க ஹானர் பண்ணுவாங்கன்னு நினைச்சேன்."

"வேலையில இல்லன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா வே?"

"என்னை இன்னும் ஹெச்.ஆர். சார்னு கூப்பிடறது நீங்க ஒருத்தர்தான் சார். அதான் சொல்ல முடியல."

அதற்கு மேல் எனக்குத் திட்ட வரவில்லை. வைத்துவிட்டேன். கோபம் போகவில்லை, எங்கே வைப்பதென்று தெரியாமல் கையிலேயே இருந்தது.

நஸ்ரின் வீடியோக்களை மறுபடி பார்த்து ஒரு வழி கண்டுபிடித்து, போர்ட்டலைத் திறந்து வைத்திருந்தாள். பூட்டை எடுக்கலாம், ஆனால் காரணம் காட்ட வேண்டும். மூன்றே காரணம்தான் இருக்கிறது. கம்பெனி விலகியது என்றால் கம்பெனியின் கடிதம் கேட்கும். மாணவர் மறுத்தார் என்றால் எதுவும் கேட்காது. அதிகாரியின் தவறான பதிவு என்றால் உடனே தாளாளருக்கு மெயில் போகும்.

"ரெண்டாவது சுளுவு சார்," என்றாள் நஸ்ரின். "வேலை கெடைச்சதுன்னு கணக்கும் அப்படியே நிக்கும். ஆனா..."

"ஆனா என்ன?"

"வேலையை வேண்டாம்னு சொன்ன பிள்ளைன்னு சென்னைக் கம்பெனிக்குக் காட்டும். அப்படிப்பட்டவங்களக் கூப்பிட மாட்டோம்னு அவங்க போட்டிருக்காங்க."

ஐயாவிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று அவர் அறைக்குப் போனேன். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். இசக்கியம்மாள் பேரையும் சொன்னேன். அவர் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"கோமதி சார், வாசல்ல ஃபிளெக்ஸ் நிக்கி. அட்மிஷன் சமயம். பிள்ளைங்க மறுத்துட்டாங்கன்னு போடும். நாலு பிள்ளைங்க ஒரு நல்ல வேலை வேண்டாம்னு சொல்லுறது ஒலகத்துல நடக்காததா?"

"அதுகள் மறுக்கலையே ஐயா."

"உம்ம வேலை நெலைக்கணும்னுதான் சொல்லுதேன். யோசிச்சுக்கிடும்."

திரும்பி வரும்போது வராந்தாவில் இசக்கியம்மாளோடு இன்னும் சில பேர் சேர்ந்திருந்தார்கள். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார்கள். இந்த மரியாதை எனக்கு வேண்டாம் என்று முதல் தடவையாகத் தோன்றியது.

நஸ்ரின் நாற்காலியை விட்டு எழுந்தாள். என் லாகினில்தான் செய்ய வேண்டும். மூன்றாவதை அழுத்தினேன். ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியாக அழுத்த வேண்டுமாம். அதிகாரியின் தவறான பதிவு, அதிகாரியின் தவறான பதிவு. நான்காவது பேரில் மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டேன். மாத்திரை போடாததால் இருக்கலாம். இல்லை. பயமாகத்தான் இருந்தது. எனக்கு ஐம்பத்திரண்டு வயசு, இந்த ஒரு வேலையைத் தவிர வேறெதுவும் தெரியாது.

கடைசிப் பேர் முடிந்ததும் வராந்தாவில் போன்கள் ஒவ்வொன்றாகச் சத்தம் கொடுக்க ஆரம்பித்தன. லிங்க் வந்துவிட்டது. தரையிலேயே உட்கார்ந்து பதிவு செய்தார்கள். ஒருத்தனுக்கு நெட் வரவில்லை, இசக்கியம்மாள் தன் போனைக் கொடுத்து அவனுக்குப் போட்டுவிட்டு, பிறகுதான் தன்னுடையதைப் போட்டாள். பதினொரு பேரும் முடித்த பிறகு போர்ட்டல் மூடிக்கொண்டது.

ஐயாவிடம் இருந்து போன் வரவில்லை.

பிப்ரவரி 18, செவ்வாய்

வாசலில் ஃபிளெக்ஸ் இல்லை. வெறும் சட்டம் நிற்கிறது.

மார்ச் ஒன்றிலிருந்து நான் அட்மிஷன் பிரச்சாரத்துக்குப் போக வேண்டும் என்று உத்தரவு. ஊர் ஊராகப் போய், பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் இருக்கிற வீட்டில் நின்று எங்கள் கல்லூரியில் சேருங்கள் என்று கேட்கிற வேலை. புதிதாகச் சேர்ந்த வாத்தியார்களைத்தான் இதற்கு அனுப்புவது வழக்கம். நாளைய தேர்வை நஸ்ரின் பார்த்துக்கொள்வாள். நான் மேடைக்கு வர வேண்டாம்.

இவ்வளவு வருஷம் உழைத்ததற்கு இது. மனசு விட்டுப் போயிற்று. என் மனைவியிடம் இன்னும் சொல்லவில்லை. என்ன முகம் இப்படி இருக்கிறது என்று கேட்டாள், மோட்டார் மறுபடி சத்தம் போடுகிறது என்றேன்.

பிப்ரவரி 19, புதன்

மேடைக்குத்தானே வரக்கூடாது. கல்லூரிக்கு வரக்கூடாது என்று சொல்லவில்லை. கேன்டீனில் உட்கார்ந்திருந்தேன், அங்கிருந்து தேர்வுக்கூடத்து வாசல் தெரியும்.

எழுத்துத் தேர்வில் பதினொரு பேரில் எட்டுப் பேர் தேறினார்கள். இசக்கியம்மாள் உண்டு. நேர்முகத்துக்கு அவளைக் கடைசியில் கூப்பிட்டார்கள். கதவு மூடியது. மற்றவர்கள் எல்லாம் பத்து நிமிஷத்தில் வெளியே வந்தார்கள், இவள் வரவில்லை. டீயைச் சொல்லிச் சொல்லி ஆறவிட்டேன். கேன்டீன்காரர், "சார்வாள் யாருக்காகக் காத்திருக்கிய?" என்று கேட்டார். யாருக்காகவும் இல்லை என்றேன்.

வெளியே வந்தவள் நேராகக் கேன்டீனுக்கு வந்தாள். யார் சொன்னார்களோ.

"என்னம்மா கேட்டாங்க?"

"பாடத்துல கேட்டாங்க சார். பொறவு, ஒங்களுக்குப் பெங்களூர்ல வேலை கெடைச்சதுன்னு போட்டு எடுத்திருக்கே, அது என்னன்னாங்க."

"நீ என்ன சொன்ன?"

"எங்க சார் தப்பாப் போட்டுட்டாங்க, அவங்களே தப்புன்னு எழுதி எடுத்தும் விட்டுட்டாங்கன்னேன். அந்த மேடம் சிரிச்சாங்க. தப்பு என்னுதுன்னு எழுதி எடுத்த ஆளை இப்பத்தான் பாக்கோம்னாங்க."

நான் தப்பாகப் போட்டேன் என்று ஒரு கம்பெனியின் முன்னால் என் மாணவி சொல்லியிருக்கிறாள். இரண்டு மாதத்துக்கு முன்னால் என்றால் கூப்பிட்டு வைத்து விளாசியிருப்பேன். உட்காரும்மா, டீ குடி என்றேன்.

பிப்ரவரி 21, வெள்ளி

எட்டுப் பேரில் ஐந்து பேருக்கு வேலை. கடிதமே வந்துவிட்டது. இசக்கியம்மாள் தன் போனை என் கையில் கொடுத்தாள். பேர், வேலையில் சேர வேண்டிய தேதி, கையெழுத்து எல்லாவற்றையும் படித்தேன். மறுபடி படித்தேன். "சரியா இருக்கா சார்?" என்றாள். இருக்கிறது என்று தலையை ஆட்டினேன். வெளியே அவள் அப்பா ஆட்டோவோடு நின்றுகொண்டிருந்தார். போனை வாங்கிக்கொண்டு ஓடினாள்.

மற்ற ஆறு பேருக்கு இல்லை. அவர்களும் வந்தார்கள். இன்னொரு கம்பெனி வரும் என்று இந்தத் தடவை சொல்லவில்லை. சொல்லிவிட்டுப் பிறகு விழிப்பதைவிட இது பரவாயில்லை என்று நினைத்துக்கொண்டேன், ஆனால் பரவாயில்லை என்று அவர்கள் முகத்தில் எழுதியிருக்கவில்லை.

மதியம் கிளெமென்ட் கூப்பிட்டார். எடுக்கக்கூடாது என்றுதான் இருந்தேன். மூன்றாவது தடவை எடுத்தேன்.

"பசங்க என்ன ஆனாங்க சார்?"

சொன்னேன். அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம்.

"சார், கேக்கவே கூச்சமா இருக்கு. உங்க காலேஜ்ல எனக்கு ஏதாவது இருக்குமா?"

இன்றைய பேப்பர் மேஜை மேல்தான் இருந்தது. எங்கள் கல்லூரி விளம்பரம் மூன்றாம் பக்கம். பெரிய நிறுவனத்தில் ஹெச்.ஆர். அனுபவம் உள்ளவர் தேவை என்று ஐயா போட்டிருக்கிறார்.

"ஒண்ணு இருக்கு," என்றேன். "உமக்குன்னே அளவெடுத்த மாதிரி இருக்கு."

"என்ன போஸ்ட் சார்?"

"வேலைவாய்ப்பு அதிகாரி."

"சார், அது நீங்க..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். வைத்துவிடுவார் என்று நினைத்தேன். வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை. வீட்டில் அவருடைய குழந்தை ஏதோ கேட்டது, இரும்மா என்றார்.

"பயோடேட்டா அனுப்பும், பாக்கேன்," என்றேன். பதினாறு வருஷமாகச் சொல்லிச் சொல்லி அது என் வாயில் தானாகவே வருகிறது.